தலைக்குக் கரண்ட் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒரு ஸ்டூல் போடுங்கள்



இது நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். முதல் பத்தியைப் பார்த்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கமெண்ட் போட்டு ஓடிப்போகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் புத்தகத்துக்குள் காமிக்ஸ் வைத்துப் படித்தவர்களும் நீங்கள்தானே.

போன மாதம் நம் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு வெளிநாட்டுப் பெண் தலையில் பட்டை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு சிரிக்கிறார். கீழே தமிழில், "எம்.எஸ். நோயாளிகளின் அசதிக்கு இனி மாத்திரையே வேண்டாம், மூளைக்கு மெல்லிய மின்சாரம் போதும்" என்று ஓடுகிறது. அனுப்பியது என் நாத்தனார் மகன். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினான். என் மாணவி ஒருத்திக்கு அந்த நோய் இருப்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் அதை அனுப்பியிருக்கிறான்.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "டீச்சரம்மா, சென்னையில் ஒரு இடத்தில் இந்த கரண்ட் வைக்கிறாங்களாம். ஒரு சிட்டிங் 3,500. இருபது சிட்டிங் வைக்கணுமாம். கொஞ்சம் குறையுது, நகையை வைக்கப் போறேன். அடுத்த வாரம் போட வேண்டிய ஊசியை மட்டும் இந்தத் தடவை தள்ளிப் போட்டா சமாளிச்சிடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

கடைசியில் சொன்னாரே, அந்த ஊசியைத் தள்ளிப் போடுவது, அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த நடுக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பெயரை எழுத மாட்டேன். "எழுதுங்க டீச்சர், ஆனா பேர் வேணாம்" என்றாள். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். ஓட்டப்பந்தயத்தில் ஒவ்வொரு வருஷமும் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள். பிளஸ் டூ முடித்துவிட்டு நம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தாள். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. 31 வயதில் ஒருநாள் இடது கண் மங்கியது. அப்புறம் கால் மரத்தது. கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, எதிரில் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு நடந்து நடந்து, ஸ்கேன் எடுத்து, முதுகில் நீர் எடுத்து, கடைசியில் சொன்ன பெயர் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன பாடம். மோட்டார் காயில் கட்டுகிற கடையைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செம்புக் கம்பியின் மேல் ஒரு பூச்சு இருக்கும். அது உரிந்தால் கரண்ட் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போகாது. நம் நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. மயலின் என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே குழம்பிப்போய் அந்த உறையைத் தின்பதுதான் எம்.எஸ். மூளையில், தண்டுவடத்தில், கண் நரம்பில், எங்கு வேண்டுமானாலும் தின்னும். தின்ற இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். 1868இல் பிரான்சில் சார்கோ என்ற மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விவரித்து வைத்தார். உலகத்தில் 28 லட்சம் பேருக்கு இருக்கிறது என்பது 2020ஆம் ஆண்டுக் கணக்கு. பெரும்பாலும் 20இலிருந்து 40 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதாவது வீட்டுக்கும் வேலைக்கும் ஓடுகிற வயதில், ஓடுகிறவளையே பிடிக்கும்.

அந்த ஊசி எதற்கு? உறையைத் தின்கிற வேலையைக் கட்டுப்படுத்த. ஏற்கெனவே போன பார்வையையும் நடையையும் அது முழுதாகத் திருப்பித் தராது. இனிமேல் போகாமல் காக்கும். "ஊசி போட்டும் அசதி குறையலையே" என்று அவள் வீட்டுக்காரர் சொல்வது உண்மை. ஆனால் ஊசியின் வேலை வேறு, அசதியின் கதை வேறு. ஓட்டு வீட்டில் மழை ஒழுகாமல் ஓடு மாற்றுகிறோம். ஓடு மாற்றியும் சமையலறை விளக்கு எரியவில்லை என்று ஓட்டைப் பிரித்துப் போடுவோமா?

இப்போது அசதிக்கு வருகிறேன். இங்கேதான் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோய் என்னவென்று தெரிவதற்குச் சில மாதம் முன்பு, அவள் என்னைப் பார்க்க வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தவள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காபி போட்டு எடுத்து வருவதற்குள் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பிவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வயசுல என்னடி இப்படி அசதி? உன் வயசுல நான் மூணு குடம் தண்ணி எடுத்து வெச்சிட்டு ஸ்கூலுக்கு வருவேன்." அவள் சிரித்தாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு என் வாயின் மேலேயே கோபம் வருகிறது.

இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த அசதி இருக்கிறது. பலருக்கு எல்லாத் தொந்தரவையும்விட இதுதான் பெரிது. நமக்கு வருகிற களைப்பு மாதிரி என்று நினைக்காதீர்கள். நம் களைப்பு ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தவுடனே வரும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பல் விளக்கிட்டு வந்தாலே ஒரு ஷிப்ட் முடிச்ச மாதிரி இருக்கு டீச்சர்." பூச்சு உரிந்த கம்பிகளை வைத்துக்கொண்டு மூளை அதே வேலையைச் செய்ய அதிகப்படி பகுதிகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் அதைப் பார்க்கவே முடிகிறது. உள்ளுக்குள் இருக்கும் அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. கூடவே தூக்கக் குறைவு, மனச்சோர்வு.

வெயில் இன்னொரு எதிரி. உடம்பு சூடானால் உறை உரிந்த நரம்பு இன்னும் தடுமாறும். 1890இலேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை எழுதி வைத்தார். திருத்தணி வெயிலைத் தமிழ்நாடே அறியும். நம் மாவட்டத்தில் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் கத்திரி மாதத்தில் மதிய ஷிப்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல உடம்புக்காரனே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது.

இந்த நிலைமையில் உள்ளவளை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? சோம்பேறி. மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், லைனில் சொன்னார்கள், படித்த டீச்சர் நானும் வேறு வார்த்தையில் சொன்னேன். திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தை உங்களில் எத்தனை பேரை முட்டி போட வைத்து ஒப்பிக்க வைத்திருப்பேன்! அதே வள்ளுவர் மருந்து என்றும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறாரே, நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறாரே, அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சரி, அந்தக் கரண்ட் விஷயம். அதை முழுப் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. சொந்தக்காரர்களில் இரண்டு பேர் "அது பைத்தியத்துக்கு வைக்கிற ஷாக், அந்தப் பக்கமே போகாதே" என்று குரூப்பில் எழுதினீர்கள். அதுவும் தப்பு. மனநல மருத்துவத்தில் மயக்க மருந்து கொடுத்து, வலிப்பை வரவழைத்துச் செய்கிற சிகிச்சை வேறு. அதில் பாயும் மின்சாரம் இதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. அதையும் கேவலமாகப் பேச வேண்டாம், அது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

வீடியோவில் காட்டுவது டி.டி.சி.எஸ். என்று சொல்லப்படுவது. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, அவற்றின் வழியாக 1இலிருந்து 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எரியவே 10, 20 மில்லி ஆம்பியர் வேண்டும் என்றால் இது எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் பெரும்பகுதி தோலிலேயே போய்விடும். உள்ளே போகிற கொஞ்சம் மின்சாரம் நரம்புச் செல்லை நேரடியாகத் தூண்டாது. தூண்டலுக்குத் தயாராக வைக்கும். வகுப்பில் தூங்கி வழிகிறவனைத் தட்டி எழுப்பாமல், "அடுத்த கேள்வி உனக்குத்தான்" என்று சொல்வேனே, அவன் நிமிர்ந்து உட்காருவானே, அந்த மாதிரி.

இன்னொன்று காந்தம் வைத்துச் செய்வது. காயிலுக்குள் காந்தத்தை ஆட்டினால் மின்சாரம் வரும் என்று 1831இல் ஃபாரடே கண்டதை ஏழாம் வகுப்புக்குச் செய்து காட்டியிருக்கிறேன், கால்வனா மீட்டர் முள் ஆடியதும் கை தட்டினீர்கள். அதே தத்துவம். 1985இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் பார்க்கர் என்பவரும் கூட்டாளிகளும், தலைமேல் காயிலை வைத்து மூளையைத் தூண்ட முடியும் என்று காட்டினார்கள். 2008இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தார்கள். நம் ஊர்களிலும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில், மனச்சிதைவு உள்ளவர்களுக்குக் காதில் கேட்கும் குரல்களைக் குறைக்க டி.டி.சி.எஸ்.ஸை வைத்துப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். ஆக, கருவி நிஜம், ஆராய்ச்சியும் நிஜம்.

கேள்வி என்னவென்றால், எம்.எஸ். அசதிக்கு இது உறுதியாக வேலை செய்யுமா? அதற்குத்தான் பரீட்சை வைக்க வேண்டும். எப்படி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட். மீதிப் பேருக்கும் அதே பஞ்சு, அதே பட்டை, முதல் அரை நிமிடம் மட்டும் கரண்ட் போய் ஊறல் தெரியும், அப்புறம் நின்றுவிடும். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே வீடியோ மேற்பார்வையில் 20 நாள் அமர்வுகள் வைத்துச் செய்து 2018இல் வெளியிட்டார்கள். நிஜக் கரண்ட் குழுவுக்கு அசதி கூடுதலாகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்தப் பரீட்சையை எழுதியவர்கள் மொத்தம் 27 பேர். வேறு சில சிறு ஆய்வுகளில் நிஜத்துக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஒருவர் மூளையின் முன்பக்கம் வைத்தார், இன்னொருவர் நடுவில் வைத்தார், ஒருவர் 5 நாள், ஒருவர் 20 நாள். கணக்கு வாத்தியார் மொழியில் சொன்னால் விடை சில இடத்தில் சரியாக வந்திருக்கிறது, வழிமுறை இன்னும் நிலைக்கவில்லை.

நம்பிக்கை எவ்வளவு வலியது என்பதற்கு இன்னொரு சாட்சி. எம்.எஸ். அசதிக்கு டாக்டர்கள் பல வருஷமாக எழுதி வந்த மூன்று மாத்திரைகள் அமான்டடின், மொடாஃபினில், மெதில்ஃபெனிடேட். அமெரிக்காவில் 141 பேருக்கு இந்த மூன்றையும், கூடவே மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும், ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2021இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. 84 மதிப்பெண் கொண்ட அசதி அளவுகோலில் தொடக்கத்தில் சராசரி 51. மூன்று மருந்திலும் 40ஐ ஒட்டி இறங்கியது. வெறும் மாத்திரையிலும் 40ஐ ஒட்டித்தான் இறங்கியது! பக்க விளைவு மட்டும் மருந்துகளுக்கு அதிகம். "எனக்குக் கரண்ட் வைத்தேன், நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் வீடியோவில் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. அவருக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். எதனால் நன்றாக இருந்தது என்பதுதான் கேள்வி.

எனவே ஆராய்ச்சி செய்கிற டாக்டர்களுக்கு என் வணக்கம். செய்யுங்கள், பெரிதாகச் செய்யுங்கள், நம் ஊர் ஏழைகளையும் காசு வாங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்மதக் கடிதத்தைத் தமிழில் கொடுங்கள். என் மாணவி அப்படிப்பட்ட ஆய்வில் சேர்கிறேன் என்றால் நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போவேன்.

என் சண்டை, ஆய்வில் இருப்பதை முடிந்துபோன வைத்தியம் மாதிரி பேக்கேஜ் போட்டு விற்கிறவர்களோடு. வெண்டைக்காய் விற்கிறவர்கூட உடைத்துப் பார்த்து வாங்கச் சொல்கிறார். இருபது சிட்டிங் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த நோயின் இந்த அசதிக்கு எத்தனை பேரிடம் சோதித்து நிரூபித்திருக்கிறீர்கள்? என் நரம்பியல் டாக்டருடன் பேசினீர்களா? வலிப்பு உண்டா, தலைக்குள் உலோகம் உண்டா என்று விசாரித்தீர்களா? பலன் இல்லை என்றால் எத்தனையாவது சிட்டிங்கில் நிறுத்துவீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைனில் பட்டை வாங்கி வீட்டில் நீங்களே மாட்டிக்கொள்கிற வேலையும் வேண்டாம். பஞ்சு காய்ந்தால் தோல் பொசுங்கும். எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சோதிக்க உங்கள் தலை வேண்டாம்.

அவள் வீட்டுக்காரரிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "தம்பி, ஊசியைத் தள்ளிப் போடாதே. பெரியாஸ்பத்திரி டாக்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய் கட்டாதே. நகை பீரோவிலேயே இருக்கட்டும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவ இப்படியேதான் இருக்கணுமா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. ஏமாற்றுகிறவனைத் திட்டுவது சுலபம். அவனிடம் போகும்படி அவளைத் தள்ளியது யார்?

அவள் கம்பெனியில் கேட்டது இரண்டே இரண்டு. உட்கார்ந்து பேக் பண்ண ஒரு ஸ்டூல். மதிய ஷிப்டுக்குப் பதில் காலை ஷிப்ட். "ஒருத்திக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று பதில் வந்தது. மூன்று வாரத்தில் காண்ட்ராக்டரிடம் சொல்லி நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். 200 ரூபாய் ஸ்டூல் கிடைக்கவில்லை என்பதால் அந்தக் குடும்பம் 70,000 ரூபாய்க்குக் கரண்ட் வைக்கத் தயாரானது. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எல்லாரும் கேட்பார்கள் என்றால் எல்லாருக்கும் கொடுங்கள். அது யாரும் போடுகிற பிச்சை இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆவது பிரிவு என்ன சொன்னது? நின்றபடி வேலை செய்கிறவர்கள் இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார்வதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. உட்கார்ந்தே திறமையாகச் செய்யக்கூடிய வேலை என்றால் இருக்கை போடும்படி உத்தரவிட ஆய்வாளருக்கு அதிகாரமும் கொடுத்தது. நான் பிறப்பதற்கு முன்பே எழுதிய சட்டம். இப்போது பழைய சட்டங்களைத் தொகுப்புகளாக மாற்றியிருக்கிறார்கள். சட்டத்தின் பெயர் மாறினாலும் நிற்கிற கால் அதே கால்தான். 2021இல் நம் சட்டமன்றம் ஜவுளிக் கடை, நகைக் கடைப் பெண்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டத் திருத்தம் செய்தபோது நாமெல்லாம் கை தட்டி ஷேர் பண்ணினோம். தி.நகரில் நிற்கிற பெண்ணுக்காகத் தட்டிய கை, நம் ஊர் ஷெட்டில் நிற்கிற பெண்ணுக்கு ஏன் வரவில்லை?

அடுத்தது சான்றிதழ். 1995 சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. அந்த 21இல் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அதே சட்டத்தின் 34ஆவது பிரிவில் அரசு வேலைக்கு 4 சதவீத ஒதுக்கீடு யார் யாருக்கு என்று பட்டியல் போட்ட இடத்தில் எம்.எஸ். பெயர் இல்லை. முன்வாசலில் வரவேற்று, பந்தியில் இலை போடாத கதை. அதோடு பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். இந்த நோயின் கடுமையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் ஒன்று இருக்கிறது, 1983இல் கர்ட்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் செம்மைப்படுத்தியது. பூஜ்யத்திலிருந்து 10 வரை. அதில் 4ஐத் தாண்டினால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. அசதிக்கு அதில் மிகச் சிறிய இடம். என் மாணவி சான்றிதழுக்குப் போன இடத்தில் நடக்கச் சொன்னார்கள். அவள் நடந்தாள். ஓட்டப்பந்தயக்காரி அல்லவா, வைராக்கியமாக நடந்துவிட்டாள். "நல்லாத்தானேம்மா நடக்கிறே" என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு நாளை அளக்க அங்கே எந்த டேப்பும் இல்லை.

"அப்போ அவ இப்படியேதான் இருக்கணுமா" என்ற கேள்விக்கு இப்போது என் பதில். இல்லை, இருக்க வேண்டாம். சின்னச் சின்ன விஷயங்கள் உண்மையிலேயே உதவுகின்றன. அளவான உடற்பயிற்சி. வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்வது, நடுவில் படுப்பது. குளிர்ந்த தண்ணீர்த் துண்டு, மின்விசிறி, வெயில் ஏறுமுன் வேலை. தூக்கத்தையும் ரத்த சோகையையும் தைராய்டையும் மனச்சோர்வையும் பார்த்துச் சரி செய்வது. 2024இல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு வந்தது, 336 பேர். ஒரு குழுவுக்கு போன் வழியாக மனநலப் பயிற்சி, ஒரு குழுவுக்கு மொடாஃபினில் மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும். மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். வாராவாரம் ஒரு மனுஷி போனில் பொறுமையாகப் பேசிச் சொல்லிக் கொடுத்தது மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கிறது. 1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. இதே நோயோடு வாழ்கிறவர்கள் அங்கே ஒருவருக்கொருவர் கை கொடுக்கிறார்கள். 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இந்த நோய்க்காரர்களுக்கு மாதம் ஒரு நாளாவது அங்கேயே பிசியோதெரபியும் ஆலோசனையும் கிடைத்தால், எழுந்து நிற்கவே முடியாதவள் சென்ட்ரல் வரை கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம். இதைக் கேட்டு நான் மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.

"டீச்சர், உங்களுக்கு எதற்கு மருத்துவ விஷயம்? நீங்க டாக்டரா?" என்று ஒருவர் கேட்பார். அதற்கும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிய இடைநிலை ஆசிரியை, அவ்வளவுதான். ஆனால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில், உண்மையிலேயே உடம்பு சரியில்லாதவன் யார், வயிற்றுவலி என்று நடிக்கிறவன் யார் என்று கண்டுபிடிப்பதே என் தினசரி வேலையாக இருந்தது. அதில் நான் கற்றது ஒன்று. நடிக்கிறவனை நம்பிவிட்டால் நஷ்டம் ஒரு பீரியட். நிஜமாக முடியாதவனை நம்பாமல் விட்டால் அந்த நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் நர்ஸ் இருக்கிறீர்கள், யூனியனில் இருக்கிறீர்கள், ஹெச்.ஆர். இருக்கிறீர்கள், ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்கள் கீழே வேலை செய்கிற பெண் "முடியலை சார்" என்றால், அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன் பத்து வரை எண்ணுங்கள். மாமியார்களாகிவிட்ட என் தோழிகளே, உங்களுக்கும்தான்.

கடைசியாக ஒருவனுக்கு மட்டும். அவளை நிறுத்தச் சொன்ன லைன் இன்சார்ஜும் என்னிடம் படித்தவன்தான். அவளுக்கு இரண்டு வருஷம் சீனியர். அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான், என் பதிவுகளுக்குத் தவறாமல் கும்பிடு போடுவான். தம்பி, உன் பெயரையும் நான் எழுதவில்லை. மேலிருந்து உனக்கு என்ன நெருக்கடி என்பதும் எனக்குத் தெரியும், டார்கெட் உன் கழுத்தைப் பிடித்திருக்கும். நான்காம் வகுப்பில் உனக்கு டைபாய்டு வந்து எழுந்தபோது, பிரேயரில் நிற்க முடியாமல் விழுந்தாய். ஒரு மாதம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உன்னை உட்கார வைத்தேன். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் "அவனுக்கு மட்டும் ஏன்" என்று கேட்கவில்லை. உனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

அவள் ஊசி போட்டுக்கொண்டாள். நகை பீரோவில் இருக்கிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை.

ஸ்டூல் நான் வாங்கித் தருகிறேன். போன் பண்ணு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்